25 மணி நேரப் பிறந்தநாள்: அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க ஒரு முழு வழிகாட்டி

அம்மாவுக்கு 70 வயது நிறைந்த நாள் 25 மணி நேரம் நீடித்தது. இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் போகும்போது, வழியில் ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்று அதிகாலை 2 மணி மறுபடியும் 1 மணியானது. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தையும் அம்மா தூங்கித்தான் கழித்தார். அதற்காகத்தானே கூட்டிப் போனேன்.

திட்டத்தை முதலில் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டி, ஏழு நாளும் தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" ஆமாம், தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஊர் கிடையாது, சுற்றிப் பார்க்க இறங்குவது கிடையாது, "எட்டு மணிக்கு பஸ் ஏறணும், எழுந்திரு" என்பதும் கிடையாது. இதைக் கேட்டு உங்கள் வீட்டுப் பிறந்தநாள்காரர் முகம் சுளித்தால், வேறு பயணம் பாருங்கள். கண்ணில் ஆசை தெரிந்தால் மேலே படியுங்கள்.

எந்தக் கப்பல்?

குரூஸ் கப்பல் வேறு, லைனர் வேறு. குரூஸ் கப்பல் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். லைனர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம். விமானம் வரும் முன்பு கடல் கடந்தவர்கள் எல்லோரும் கப்பல் ஏறித்தான் போனார்கள். கணிதமேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறி, லண்டன் போய்ச் சேர ஏப்ரல் 14 ஆகிவிட்டது.

இன்று அந்த முறைப்படி தொடர்ந்து ஓடும் ஓஷன் லைனர் உலகத்தில் ஒன்றுதான்: கியூனார்ட் நிறுவனத்தின் 'குயின் மேரி 2'. பிரான்ஸின் சென் நசேர் கட்டுமானத் தளத்தில் உருவாகி, 2004 ஜனவரியில் முதல் பயணம் போனது. 345 மீட்டர் நீளம். வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன். வட அட்லாண்டிக்கின் அலையை மனதில் வைத்துக் கட்டியதால் முன்பக்கம் நீண்டு கூர்மையாக இருக்கும், அடிப்பாகம் நீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும், உடலின் இரும்பும் தடிமன். 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகம்வரை ஓடக்கூடிய கப்பல் இது. ஆனால் கடக்கும்போது 20 நாட்டை ஒட்டித்தான் போகும். 1952-இல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற லைனர் இந்தக் கடலை மூன்றரை நாளில் கடந்து சாதனை செய்தது. இன்று அதே வேலைக்கு ஏழு இரவு எடுத்துக்கொள்கிறார்கள். அவசரமாகப் போக வேண்டியவர்கள் விமானத்தில் போய்விட்டார்கள் அல்லவா.

மேற்கா, கிழக்கா?

பலர் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் திசையைப் பார்க்கிறார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன்.

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் போனால் ஐந்து நாட்களுக்கு 25 மணி நேரம் கிடைக்கும். நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தால் ஐந்து நாட்களுக்கு 23 மணி நேரம்தான். குறையும் அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் நண்பகலில் எடுத்துவிடுவார்கள். காலை உணவு செரிக்கும் முன் மதிய உணவு வந்து நிற்கும். ஓய்வுதான் நோக்கம் என்றால் மேற்கு நோக்கியே போங்கள். வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாளுக்கு ஒரு மணி நேரமாக உடம்பு பழகிவிடுவதால், இறங்கிய பிறகு ஜெட் லாக் என்ற தொல்லையே இல்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். மேற்கே போகும்போது கப்பல் அதை எதிர்த்துப் போகிறது. கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து டெக்கில் நிற்பவரை ஒரு தள்ளு தள்ளும். தலைக்குக் கட்டிக்கொள்ள கம்பளி ஸ்கார்ஃப் ஒன்று இருக்கட்டும்.

தேதியைப் பிடிப்பது

கடக்கும் தேதிகளை ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே வெளியிட்டுவிடுவார்கள். பொதுவாக ஆண்டின் முதல் சில மாதங்கள் இந்தக் கப்பல் உலகம் சுற்றப் போய்விடும். அட்லாண்டிக் கடப்புகள் வசந்தத்திலிருந்து டிசம்பர்வரை அதிகம். நீங்கள் நினைக்கும் தேதியிலேயே கப்பல் கிளம்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மவர்களுக்குப் பிறந்தநாள் இரண்டு: ஆங்கிலத் தேதி ஒன்று, பிறந்த மாதத்தில் வரும் நட்சத்திரம் இன்னொன்று. சில ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே பல நாள் இடைவெளி விழும். எது கடலில் விழுகிறதோ அதைக் கேக்குக்கு வைத்துக்கொண்டு, மற்றதைக் கோயிலுக்கும் வீட்டுக்கும் ஒதுக்கிவிடலாம். மணிவிழா, பீமரத சாந்தி போன்ற சடங்குகளைக் கப்பலில் செய்ய நினைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஏழு இரவில் எந்த நாளில் பிறந்தநாள் விழுவது நல்லது? முதல் நாள் வேண்டாம். ஏறும் களைப்பு, வரிசை, பாதுகாப்புப் பயிற்சி என்று போய்விடும். இரண்டாம் நாள் உடம்பு கடலுக்குப் பழகும் நாள். கடைசி முழுநாளும் வேண்டாம், அன்று மாலை பெட்டி கட்டியாக வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை எதுவானாலும் சரி.

பருவம்? ஜூலை, ஆகஸ்டில் கடல் ஒப்பீட்டளவில் சாது. ஆனால் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, சூடான கல்ஃப் நீரோட்டமும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில், கோடையில்தான் மூடுபனி அதிகம். பனிக்குள் போகும்போது இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை கப்பல் சங்கு ஊதும். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா, "யாரோ பெரியவர் இருமுற மாதிரி இருக்கு" என்றார். செப்டம்பர், அக்டோபரில் புயல்களின் மிச்சம் வரலாம். நவம்பர், டிசம்பரில் கட்டணம் குறையும், அலை கூடும். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் பெரியவர்களோடு என்றால், ஜூன் முதல் ஆகஸ்டுவரை என்பேன்.

விசா: பணம் கட்டும் முன்

கப்பல்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். விமானத்துக்கு உள்ள விதிகள் அத்தனையும் இதற்கும் உண்டு.

இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு பிரிட்டன் விசா, அமெரிக்க விசா இரண்டுமே வேண்டும். பி1/பி2 எனப்படும் அமெரிக்கச் சுற்றுலா விசாவை முதலில் பிடியுங்கள். நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கும் காலம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். திட்டத்தின் மற்ற எல்லாமே அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கும். பிரிட்டன் விசிட்டர் விசா வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவாகும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்கா போக விசா வேண்டாம், இணையத்தில் எடுக்கும் இஸ்டா அனுமதி போதும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டு விசா, எனக்கு ஓர் இஸ்டா. கனடா, அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டனுக்குள் வர 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும்.

சில பயணங்கள் ஹம்பர்க் அல்லது லு ஹாவ்ரில் தொடங்கியோ முடிந்தோ போகும். அதில் ஏறினால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் சேர்ந்துவிடும். நேராக சவுத்தாம்ப்டன்–நியூயார்க் போகும் பயணமாகப் பாருங்கள்.

விமான டிக்கெட்டுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து வருபவர் இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்கினால் விலை எகிறும். 'மல்டி சிட்டி' என்று போட்டு, சென்னை–லண்டன் போக, நியூயார்க்–சென்னை வர என ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள்.

கேபின்: அவசரப்படக் கூடாத இடம்

இதில்தான் நான் கொஞ்சம் ஏமாந்தேன். கடல் தெரியும் பால்கனி என்று சொல்லி ஏஜென்ட் ஒருவர் ஒரு கேபினைக் காட்டினார். விலையும் நன்றாக இருந்தது. தள வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், பால்கனிக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறது. எட்டாம் தளத்தில் இப்படிப்பட்ட கேபின்கள் உண்டு. தெரிந்தே எடுத்தால் தவறில்லை, விலை குறையும். தெரியாமல் எடுத்தால் ஏழு நாளும் படகின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனவே யார் என்ன சொன்னாலும், கேபின் எண்ணைக் கேட்டு வாங்கி, தள வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

பால்கனியிலும் இரண்டு வகை. 4, 5, 6-ஆம் தளங்களில் இருப்பவை கப்பலின் உடலிலேயே வெட்டிய சாளரம் போன்றவை. முன்னால் இரும்புச் சுவர் இருப்பதால் காற்று அடிக்காது, ஆனால் உட்கார்ந்தால் கடல் தெரியாது. மேல் தளங்களில் கண்ணாடித் தடுப்பு: உட்கார்ந்தபடியே கடல் தெரியும், காற்றும் கூடவே வரும். அட்லாண்டிக்குக்கு நான் கீழே உள்ள இரும்புச் சுவர்ப் பால்கனியின் பக்கம். மூடுபனியிலும் ஷால் போர்த்திக்கொண்டு அம்மா அங்கே காபி குடித்தார்.

ஆட்டத்தைப் புரிந்துகொண்டால் இடம் தேர்ந்தெடுப்பது எளிது. கப்பல் இரண்டு விதமாக ஆடும். தொட்டில்போல பக்கவாட்டில் ஆடுவது ஒன்று; இதை அடக்க நீருக்கடியில் சிறகுபோல இரண்டு ஜோடி நிலைப்படுத்திகள் இருக்கின்றன. சீசா பலகைபோல முன்னும் பின்னும் ஏறி இறங்குவது இன்னொன்று. இதை எந்தச் சிறகாலும் அடக்க முடியாது. சீசாவின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாது, நுனியில் இருப்பவருக்குத்தான் தூக்கிப் போடும். ஆகவே கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம். அதோடு, மேலேயும் கீழேயும் வேறு கேபின்கள் இருக்கும்படி பாருங்கள். சமையலறைக்கோ நடன அரங்குக்கோ நேர் மேலே படுத்தால் தூக்கம் அவ்வளவுதான்.

வலமா இடமா? மேற்கே போகும்போது இடப்பக்கம் தெற்கைப் பார்க்கும், வெயில் அங்கேதான். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர்கள் போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம் என்று நிழல் பார்த்துக் கேபின் எடுத்ததால்தான் மேல்தட்டு, பகட்டு என்ற பொருளில் வரும் 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, நல்ல கதை, அவ்வளவுதான். அவர்கள் தேடியது நிழல். வட அட்லாண்டிக்கில் நாம் தேடுவது வெயில். இடப்பக்கம் எடுங்கள்.

கையைக் கடிக்கிறது என்றால் ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுக்கலாம். இருட்டு, அமைதி, நல்ல தூக்கம். ஆனால் பிறந்தநாள்காரருக்கு அது வேண்டாம்; மற்றவர்கள் அதில் தங்கி, பகல் முழுக்க அவருடைய பால்கனியில் போய் உட்காரலாம். ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது.

பணம்

கட்டணத்தை விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். விமான டிக்கெட், ஏழு இரவு ஹோட்டல், வேளா வேளைக்குச் சாப்பாடு என்று கூட்டி ஒப்பிடுங்கள். கேபின், முதன்மை உணவகங்கள், நாடகம், இசை, நூலகம், பெரும்பாலான சொற்பொழிவுகள் எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். மதுவகைகள், சிறப்பு உணவகம், ஸ்பா, இணையம், புகைப்படம் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் ஒன்றும் கணக்கில் ஏறும். செலவெல்லாம் அமெரிக்க டாலரில், கேபின் அட்டை வழியாக நடக்கும். நாலாம் நாள் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடுங்கள், கடைசி இரவில் திடுக்கிட வேண்டாம்.

தனியாகப் போகிறவருக்கு இருவர் கேபினில் கூடுதல் கட்டணம் விழும். 2016-இல் கப்பலைப் புதுப்பித்தபோது ஒற்றை ஆளுக்கென்றே 15 கேபின்கள் சேர்த்தார்கள். அவை சீக்கிரம் போய்விடும். அதே புதுப்பிப்பில் நாய், பூனைகளுக்கான கூடுகளையும் கூட்டினார்கள். அவை அதைவிடச் சீக்கிரம் போய்விடும்! அட்லாண்டிக்கைத் தங்கள் நாயோடு கடப்பதற்காகவே தேதியை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மேசையும் சாப்பாடும்

பெரும்பாலானோர் சாப்பிடுவது பிரிட்டானியா உணவகத்தில். இரவு உணவு இரண்டு பந்தி: மாலை 6 மணி, இரவு 8.30. பெரியவர்கள் என்றால் முதல் பந்தி. முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும், முதல் பந்தி நிரம்பிவிடும். மேசையின் அளவையும் அப்போதே கேளுங்கள். குடும்பமாக ஒரு மேசை வேண்டுமென்றால், எல்லோருடைய பதிவு எண்களையும் ஒன்றாக இணைக்கச் சொல்ல வேண்டும். இதை மறந்தால் அண்ணன் ஒரு மூலை, அம்மா ஒரு மூலை.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். தினமும் சைவ உணவு உண்டு. ஏழாம் தளத்தில் கிங்ஸ் கோர்ட் பஃபேயில் இந்தியக் குழம்பு ஏதாவது அடிக்கடி தென்படும். ஆனால் அது வட இந்தியச் சாயல், சாம்பார் தேடாதீர்கள். முதல் இரவே உணவகத் தலைமைப் பணியாளரிடம் பேசிவிடுங்கள். முந்தின நாள் சொன்னால் மறுநாள் தனியாகச் செய்து தர முயல்வார்கள். பணியாளர்களில் இந்தியர்கள் பலர். எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் அம்மாவைப் பார்த்ததும் ஊறுகாய் இருக்கிறதா என்று அவரே கேட்டு எடுத்து வந்தார்.

பருப்புப்பொடி ஒரு சிறு டப்பா எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் இறங்கும்போது மிச்சமிருந்தால் சுங்கச் சோதனையில் சொல்லிவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், இறைச்சிப் பொருள் எதையும் கையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

பிற்பகல் மூன்றரைக்கு குவீன்ஸ் ரூமில் தேநீர். வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர்கள், சின்ன சாண்ட்விச், ஸ்கோன், பின்னணியில் வாத்தியம். முதல் நாள் கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மூன்று மணிக்கே அம்மா தயாராகி நின்றார்.

பட்டுச்சேலைக்கு இடம் உண்டு

மாலை 6 மணிக்குப் பிறகு கொஞ்சம் பார்த்து உடுத்த வேண்டும். ஏழு இரவில் வழக்கமாக இரண்டு காலா இரவுகள், அதாவது விருந்துக்குப் போவதுபோல உடுத்தி வரும் இரவுகள். கறுப்பு-வெள்ளை, முகமூடி என்று ஏதாவது ஒரு கருத்து இருக்கும். ஆண்கள் டின்னர் ஜாக்கெட் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. கருநிற சூட் போதும். தேசிய உடையும் முறைப்படி ஏற்கப்பட்டதுதான். காஞ்சிபுரம் பட்டுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடும் தாராளமாக வரலாம். ஆனால் அந்தக் கோலத்தில் வெளி டெக்குக்குப் போகாதீர்கள். அட்லாண்டிக் காற்றில் வேட்டியைக் காப்பாற்றுவது தனிக் கலை. உடுத்த மனமில்லாத இரவுகளில் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் இருக்கின்றன.

இஸ்திரிப் பெட்டி எடுத்து வரக் கூடாது. சலவை அறைகளில் இலவச இயந்திரமும் இஸ்திரியும் உண்டு. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், அகல் எதற்கும் அனுமதி இல்லை. கப்பலில் தீயைப் போலப் பயப்படும் விஷயம் வேறில்லை. சடங்கைக் கரையில் வைத்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான். பேட்டரி விளக்கு ஒன்றை எடுத்துப் போனோம்.

பெட்டி விஷயத்தில் என் தவறைக் கேளுங்கள். சவுத்தாம்ப்டன் டெர்மினலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை மாலையில்தான் கேபின் வாசலுக்கு வரும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை டப்பா அதற்குள் போய்விட்டது. நானே வைத்து, நானே பூட்டி, நானே கொடுத்தேன். பெட்டி வரும்வரை நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தேன். மருந்து, கண்ணாடி, பாஸ்போர்ட், நகை, முதல் மாலைக்கு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கப்பலில் பெட்டிக்கு எடைக் கெடுபிடி இல்லை என்று பூரித்து அடுக்காதீர்கள், திரும்பும் விமானத்தில் உண்டு.

உடம்பு

கப்பலில் டாக்டரும் நர்ஸும் உள்ள மருத்துவ மையம் இருக்கிறது. கட்டணம் அதிகம். நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரமும் உண்டு. ஆகவே காப்பீடு எடுக்கும்போது, கப்பல் பயணத்துக்குச் செல்லுமா, அவசர மருத்துவ வெளியேற்றம் அடங்குமா, ஏற்கனவே உள்ள நோய்களைச் சொல்லியாயிற்றா என்று மூன்றையும் எழுத்தில் பாருங்கள்.

கப்பல் ஆட்டத்தால் வரும் தலைசுற்றலுக்கான மாத்திரை வயதானவர்கள் எல்லோருக்கும் ஒத்துவராது. மற்ற மருந்துகளோடு சேருமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். மாத்திரை, வாந்தி வந்த பிறகு அல்ல, கடல் முரண்டு பிடிக்கும் முன்பே போடுவதற்கு. வயிற்றைக் காலியாக விடாதீர்கள். இஞ்சி நல்லது. கண்ணை மூடிக்கொண்டு படுங்கள், அல்லது வெளியே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகம் படித்துக்கொண்டு சமாளிப்பது மட்டும் நடக்காது.

சவுத்தாம்ப்டனில் ஒரு நாள்

புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்திறங்கி ஓடாதீர்கள். கப்பல் காத்திருக்காது. ஒரு நாளாவது முன்னதாக வந்து ஊரில் தங்குங்கள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். அதன் பொறியாளர்களுக்கான நினைவுச்சின்னம் நகரப் பூங்காவில் இருக்கிறது. அம்மாவை அங்கே கூட்டிப் போகலாமா என்று யோசித்தேன், அவரே கேட்டார். பார்த்துவிட்டு, "இப்ப ஐஸ் இருக்காதுல்ல?" என்றார். டைட்டானிக்குக்குப் பிறகு சர்வதேசப் பனிக்கட்டிக் கண்காணிப்பு ஏற்பட்டது, பனிக்கட்டி இருப்பதாகத் தகவல் வந்தால் கப்பல்கள் தெற்கே ஒதுங்கிப் போகும் என்று சொன்னேன். தலையாட்டினார், முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் டெர்மினல்கள் பல, ஒன்றுக்கொன்று தூரம். எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள்.

ஆறு நாள், அதில் ஒரு பிறந்தநாள்

மறுநாள் நிகழ்ச்சிகளின் பட்டியலை முந்தின இரவே கேபினுக்குக் கொண்டுவந்து தருவார்கள். கோளரங்கம், நடன வகுப்பு, சொற்பொழிவு, வினாடி வினா, கச்சேரி என்று நிறைந்திருக்கும். முதல் நாள் நான் பேனாவால் ஏழு இடத்தில் வட்டம் போட்டேன். பகல் பன்னிரண்டுக்கு அம்மா நூலகத்தில், கப்பலின் மூக்கைப் பார்த்த நாற்காலி ஒன்றில் தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வட்டத்தைக் குறைத்துக்கொண்டேன்.

தவற விடக் கூடாத ஒன்று நண்பகல் அறிவிப்பு. கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து கப்பல் எங்கே இருக்கிறது, காற்று எப்படி, கீழே கடல் எவ்வளவு ஆழம் என்று சொல்வார். கீழே நான்கு கிலோமீட்டர் தண்ணீர் என்று கேட்டுவிட்டு வெண்டைக்காய்ப் பொரியலை நினைத்து ஏங்குவது விசித்திரமான அனுபவம். நடக்கப் பிடித்தவர்களுக்கு ஏழாம் தளத்தின் மரப்பலகை நடைபாதை கப்பலையே சுற்றி வரும். மூன்று சுற்று ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர்.

பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம்? கேக், பூங்கொத்து, கேபின் அலங்காரம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே இணையத்தில் பதிந்துவிடுங்கள். முட்டை சேர்க்காத கேக் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னதாகக் கேட்க வேண்டும். பணியாளர்கள் கூடிப் பாடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் என்றால் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லலாம். பூவை மட்டும் நியூயார்க்கில் இறக்காமல் கப்பலிலேயே விட்டுவிடுங்கள்.

நாங்கள் செய்த ஒரு காரியம் நன்றாக அமைந்தது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு உறவினர்கள், பழைய அக்கம்பக்கத்தார், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரிடமும் கையால் எழுதிய கடிதம் ஒன்று கேட்டு வாங்கினேன். வாட்ஸ்அப் வாழ்த்து கணக்கில் சேராது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பிறந்தநாள் காலை பால்கனியில் அந்தக் கட்டைக் கொடுத்தேன். காலை உணவுக்கு நாங்கள் போகவே இல்லை. மதியத்துக்குள் அம்மா இரண்டு முறை படித்துவிட்டார். இணையம் காசு என்பதால் போனில் வீடியோ அழைப்பு வராதது அன்று ஒரு பாக்கியம்.

நியூயார்க்

முந்தின இரவு பெரிய பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் உடையைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு நைட்டியோடு நின்றவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன் எழுந்துவிடுங்கள். சுமார் 5 மணிக்குக் கப்பல், நியூயார்க் துறைமுகத்தின் நுழைவாயிலில் உள்ள வெரசானோ பாலத்தின் அடியில் போகும். புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டர்தான். இடித்துவிடும் என்றே தோன்றும். இந்தப் பாலத்தின் உயரத்தைக் கணக்கில் எடுத்துத்தான் கப்பலையே வடிவமைத்தார்கள். அப்புறம் சுதந்திரதேவி சிலை, உள்ளே வரும்போது இடப்பக்கம். கேபினிலிருந்து பார்க்காமல் மேல் தளத்துக்குப் போங்கள், கோடையானாலும் ஸ்வெட்டரோடு.

நிற்கும் இடம் புரூக்ளினின் ரெட் ஹூக் டெர்மினல். குடியேற்றச் சோதனை இறங்கும்போது அங்கேயே நடக்கும். பெட்டியைத் தாங்களே உருட்டிக்கொண்டு போகத் தயாராக இருப்பவர்கள் முதலில் இறங்கலாம். வயதானவர்களோடு அந்த அவசரம் வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்பே சொல்லுங்கள். அன்றே விமானம் ஏறுவதாக இருந்தால் பிற்பகலுக்கு முன் எதையும் பதியாதீர்கள். மன்ஹாட்டனில் தங்குபவர்கள் டெர்மினல் பக்கத்திலேயே என்.ஒய்.சி. ஃபெர்ரி என்ற நகரப் படகைப் பிடிக்கலாம். டாக்ஸி வரிசையைவிட அது மேல்.

நியூஜெர்சியிலிருந்து அண்ணன் காரோடு வந்திருந்தான். "ஜெட் லாக் இருக்கும், தூக்கம் வராது, பரவாயில்ல" என்று அம்மாவுக்கு வழியெல்லாம் ஆறுதல் சொன்னான். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இரவும் அவரே திருகித் திருத்தி வைத்திருந்தது, அண்ணனின் கார் கடிகாரத்தோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போனது. அன்று ஒன்பதரைக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுந்து, சமையலறையில் காபிப்பொடி எங்கே என்று கேட்டு அண்ணனை எழுப்பினார்.